குளிர்கால 24 மணி நேர மலை மிதிவண்டிப் போட்டி: தனியாக இறங்குவதா, நால்வர் அணியாகவா?

மேட்டுப்பாதை:

அனைவருக்கும் வணக்கம். கோடையில் நடக்கும் நெடுந்தூர மலை மிதிவண்டிப் போட்டிகளில் சில ஆண்டுகளாகக் கலந்துகொண்டு வருகிறேன். பாதி நாள் வரை இறங்காமல் மிதித்த பழக்கம் உண்டு. வரும் குளிர்காலத்தில் ஒரு 24 மணி நேரச் சுற்றுப் போட்டிக்கு (அந்த நேரத்துக்குள் ஒரே பாதையை முடிந்த மட்டும் பலமுறை சுற்றிவர வேண்டும்; அணியென்றால் முறைவைத்து ஒருவர் மாற்றி ஒருவர்) பதிவு செய்யலாம் என்று நானும் நண்பர்கள் மூவரும் பேசிக்கொண்டிருக்கிறோம். காட்டுக்குள் பத்துப் பன்னிரண்டு கி.மீ. நீளமுள்ள சுற்று, சரளைக்கல் ஏற்றம், பாறை, மர வேர், சேறு எல்லாம் கலந்தது. வெப்பநிலை உறைநிலையை ஒட்டி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் என்கிறார்கள்.

நால்வர் அணி என்றால் ஆளுக்கு ஆறு மணி நேரம்தானே, முதல் தடவைக்கு அதுதான் பாதுகாப்பு என்பது நண்பர்களின் கட்சி. எனக்கோ தனிநபர் பிரிவில் இறங்கி, முடிந்த மட்டும் சுற்றிவிட்டு நிறுத்திக்கொள்ள ஆசை. குளிரில் இரவு முழுவதும் மிதித்தவர்கள் எது சரி என்று சொன்னால் உதவியாக இருக்கும். என்னிடம் இருப்பது 29 அங்குலச் சக்கரம் கொண்ட சாதாரண ஹார்ட்டெயில் (முன்பக்கம் மட்டும் அதிர்வுதாங்கி உள்ள வண்டி). ஃபேட் பைக் (மிக அகலமான டயர் கொண்ட வண்டி) இல்லாமல் குளிர்காலப் போட்டிக்குப் போவது வீண் முயற்சியா என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இரவுச்சுற்று:

நண்பரே, உங்கள் நண்பர்கள் போடும் கணக்கு பகலுக்குப் பொருந்தும், இரவுக்குப் பொருந்தாது. ஆளுக்கு ஒரு சுற்று என்று முறை வைத்தால், ஏறத்தாழ ஒரு மணி நேரம் மிதித்துவிட்டு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். கேட்பதற்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் முதல் அரை மணி சேற்றையும் நனைந்த உடையையும் களைவதில் போய்விடும்; கடைசி அரை மணி மீண்டும் உடுத்திக்கொண்டு, ஆள் மாறும் இடத்தில் நின்று, முன்னால் போனவர் எப்போது வருவார் என்று தெரியாமல் நடுங்குவதில் போய்விடும். இடையில் கிடைப்பதைத் தூக்கம் என்றும் சொல்ல முடியாது, விழிப்பு என்றும் சொல்ல முடியாது. அதிகாலை 3 மணிக்கு, ஈரம் காயாத காலணிக்குள் காலை நுழைக்க மனமில்லாமல் ஒருவர் படுத்துவிடுவதிலிருந்துதான் பெரும்பாலான அணிகள் உடைகின்றன. மிதிக்கும்போது உடைந்த அணிகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

தனியாகப் போகிறவருக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர் வேகத்தை முதலிலேயே அடக்கி வைத்துக்கொள்வதால் வியர்வை குறைவாக இருக்கும்; உடல் சூடு ஒரே நிலையில் ஓடிக்கொண்டிருக்கும்; ஒவ்வொரு முறையும் குளிர்ந்த உடம்பை மறுபடி மிதிக்கப் பழக்க வேண்டியதில்லை. அணியில் இருப்பவரோ தன் ஒரு சுற்றை முழு வேகத்தில் முடிக்கப் பார்ப்பார், தெப்பமாக நனைந்து வந்து நிற்பார்.

இதனால் எல்லோரும் தனியாகத்தான் போக வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அணியாகப் போவதென்றால் இருட்டிய பிறகு ஆளுக்கு இரண்டு சுற்று, தேவைப்பட்டால் மூன்று சுற்று என்று முறையை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் மிதித்தால் ஆறு மணி நேரம் ஓய்வு கிடைக்கும். அதில் உண்மையாகவே உறங்கலாம், உடையும் காயும். இரவு எவ்வளவு நீளம் என்பதையும் மனத்தில் வையுங்கள். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் ஜனவரி மாதம் நடக்கும் ஸ்ட்ராத்பஃபர் போட்டியில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 17 மணி நேரம் இருட்டுதான். அங்கே பகல் வெளிச்சத்தை வைத்து வகுக்கும் திட்டத்தால் பயன் இல்லை.

துணைமருத்துவன்:

இரவுச்சுற்று சொல்வதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். தனியாகப் போகிறவரின் உடல் சூடு ஒரே நிலையில் இருக்கும் என்பது முதல் எட்டு மணி நேரத்துக்கு உண்மை, அதற்குப் பிறகு உண்மையில்லை.

மிதிக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் பெடலுக்குப் போகிறது. மீதி எல்லாம் வெப்பம். 200 வாட் அளவில் மிதிப்பவர் உடலில் 600 முதல் 800 வாட் வரை வெப்பம் உற்பத்தியாகிறது. அதனால்தான் உறைநிலையில்கூட மெல்லிய சட்டையோடு ஏற்றத்தில் வியர்க்கிறது. அதே ஆள் பின்னிரவில் களைத்து, உண்ணவும் மறந்து, 80 வாட்டுக்கு இறங்கிவிட்டால் வெப்பம் 300 வாட் அளவுக்குச் சுருங்கிவிடும். அந்த நேரத்தில் காற்றின் வெப்பநிலையும் மிகக் கீழே இருக்கும். மாலையில் போதுமாக இருந்த உடை நள்ளிரவுக்குப் பிறகு போதாமல் போவதற்கு இதுதான் காரணம். பலரும் வானிலையைப் பார்த்து உடுத்துகிறார்கள். உண்மையில் தம்மிடம் இன்னும் எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கிறது என்பதைப் பார்த்து உடுத்த வேண்டும்.

இறக்கத்தில் இது இன்னும் கடுமையாகும். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 20 கி.மீ. காற்று முகத்தில் மோதினால் தோலுக்கு அது மைனஸ் 18 போல உறைக்கும், 40 கி.மீ. வேகத்தில் இறங்கும்போது மைனஸ் 21 போல. ஏற்றத்தில் நனைந்த பனியன் இறக்கத்தில் இந்தக் காற்றைச் சந்திக்கிறது. நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், உடலை ஒட்டிய அடுக்கு பருத்தியாக இருக்கவே கூடாது. கம்பளியோ செயற்கை இழையோ இருக்கட்டும். ஏற்றம் தொடங்கும் முன்பே மேல்சட்டையின் ஜிப்பைத் திறந்துவிட வேண்டும். வியர்த்த பிறகு திறந்து பயன் குறைவு. உச்சியில் காற்றுத்தடுப்புச் சட்டையைப் போட்டுக்கொள்வதற்காக நிற்கும் அரை நிமிடத்தை வீண் என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்று, தனியாகப் போகிறவருக்குத் தன் நிலை தனக்கே தெரியாது. உடலின் உள் வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது முதலில் கெடுவது நிதானம். பேச்சு குழறும், கையிலிருந்து பொருள் நழுவும், நேரான பாதையிலேயே தடுமாறுவார், காரணமில்லாமல் எரிந்து விழுவார். நடுக்கம் தானாக நின்றுபோனால் அதைத் தேறிவிட்டார் என்று எண்ணிவிடக் கூடாது, அதுதான் பெரிய ஆபத்து. ஆகவே தனிநபர் பிரிவில் இறங்குவதானால், ஒவ்வொரு சுற்றிலும் உங்களை இரண்டு கேள்வி கேட்டு, பதில் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க ஓர் உதவியாளர் கட்டாயம் வேண்டும்.

சங்கிலி_எண்ணெய்:

உடம்பைப் பற்றிப் பேசி முடித்துவிட்டீர்கள், வண்டியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. குளிர்காலச் சேற்றில் போட்டியை விட்டு வெளியேறும் வண்டிகளில் நான் அதிகம் பார்த்தது பிரேக் பேட் (டிஸ்க் தகட்டை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் துண்டு) தேய்ந்த வண்டிகளைத்தான். சரளையும் மணலும் கலந்த சேறு அரத்தைப் போல வேலை செய்யும். பிசினால் இறுக்கிய ரெசின் பேட் என்றால் ஒரே இரவில் அதன் பின்தகடு தெரியும் அளவுக்குப் போய்விடக்கூடும்; உலோகத்தூள் கலந்த சின்டர்டு பேட் கூடுதல் நேரம் தாங்கும், சத்தம் போட்டாலும் போடட்டும். பேட் தேய்ந்து, தேயும் பகுதியில் அரை மி.மீ. தடிமன்தான் மிச்சம் என்ற நிலை வந்ததும் மாற்றிவிடுங்கள். புதிய பேட்களைப் போட்டிக்கு முன்பே வண்டியில் மாட்டி, பலமுறை பிரேக் பிடித்துப் பழக்கி, எது எந்தச் சக்கரத்துக்கு என்று குறித்துத் தனித்தனி உறையில் வைத்துக்கொள்ளுங்கள். பழக்காத பேட்டோடு ஈர இறக்கத்தில் இறங்குவது சரியில்லை. மாற்றும்போது பழைய பேட்களைக் கழற்றாமலேயே அவற்றின் நடுவே டயர் நெம்புகோலை விட்டு, பேட்டை அழுத்தும் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுங்கள். பிறகு கழற்றினால் புதியவை சிரமமில்லாமல் உள்ளே போகும். விறைத்த விரலோடு இதைச் செய்ய வேண்டியிருக்கும் என்பதால் வீட்டில் கையுறை போட்டுக்கொண்டு ஒருமுறை செய்து பாருங்கள்.

அடுத்தது காற்றழுத்தம். கதகதப்பான அறையில் 20 டிகிரியில் டயருக்கு 20 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வைத்துக்கொண்டு மைனஸ் 10 டிகிரி வெளியில் இறக்கினால், காற்றே கசியாமல் அது 16.5 அளவுக்கு இறங்கிவிடும். ஃபேட் பைக்கில் 6 பி.எஸ்.ஐ. வைத்திருந்தால் 4-க்கும் கீழே போய்விடும், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகும். ஆகவே வண்டியை வெளியில் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்த பிறகே அழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும்.

விளக்கு பேட்டரியும் இதே ரகம்தான். லித்தியம் அயான் பேட்டரி குளிரில் தன் கொள்ளளவை முழுதாகத் தராது, ஆகவே பெட்டியில் எழுதியிருக்கும் மணிக்கணக்கை நம்பாதீர்கள். மாற்று பேட்டரியை உட்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பேட்டரியைச் சார்ஜ் போட்டால் உள்ளே லித்தியம் படிந்து நிரந்தரமாகக் கெட்டுவிடும். கூடாரத்துக்குள் கொண்டுவந்து சூடேறிய பிறகே இணைக்க வேண்டும்.

ஹெல்மெட்டில் ஒன்று, ஹேண்டில்பாரில் ஒன்று என இரண்டு விளக்கு வேண்டும். ஹெல்மெட் விளக்கு மட்டும் இருந்தால் ஏற்றத்தில் நீங்கள் விடும் மூச்சே வெண்புகையாகக் கண்முன் எழுந்து, அந்த ஒளியில் பளிச்சென்று மின்னிப் பாதையை மறைத்துவிடும். ஹேண்டில்பார் விளக்கு தாழ்வாக இருப்பதால் கல்லுக்கும் வேருக்கும் பின்னால் நிழல் விழும், மேடு பள்ளம் தெரியும்.

வெண்பனி:

ஃபேட் பைக் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. உங்கள் பாதைக்கு அது தேவையில்லை என்பதுதான் என் பதில். சேறும் பாறையும் இடையிடையே பனிக்கட்டியும் உள்ள சுற்றில் 29 அங்குல ஹார்ட்டெயிலே விரைவாகப் போகும். நான்கு அங்குல டயர் சேற்றை அள்ளிக்கொண்டு கனக்கும். ஃபேட் பைக் பிறந்தது ஆழப்பனிக்காக. அலாஸ்காவில் 1987-இல் தொடங்கிய இடிட்டாபைக் போட்டிக்காரர்கள், பனியில் புதையாமல் மிதக்க வேண்டும் என்று இரண்டு ரிம்களை ஒன்றாகப் பற்றவைத்தெல்லாம் பார்த்தார்கள். 2005-இல் சர்லி நிறுவனத்தின் பக்ஸ்லி வெளிவந்த பிறகுதான் அத்தகைய வண்டி சாதாரண வாங்குபவருக்கும் எட்டியது. அதன் டயர் 3.7 அங்குல அகலம்.

அந்த வகைப் போட்டிகள் வேறு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஜனவரி இறுதியில் நடக்கும் ஆரோஹெட் 135 போட்டியில் 135 மைலை, அதாவது 217 கி.மீ. தூரத்தை, 60 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். மைனஸ் 29 டிகிரி தாங்கும் உறக்கப்பை, அடுப்பு, எரிபொருள், தீமூட்டி, கழுத்தில் தொங்கும் விசில், 3,000 கலோரி உணவு எல்லாவற்றையும் சுமந்துகொண்டே போக வேண்டும். கட்டாயப் பொருள் குறைந்தால் தண்டனை உண்டு. விசில் எதற்கு என்று கேட்பீர்கள். உதடும் தொண்டையும் விறைத்த பிறகு கூவி அழைப்பது எடுபடாது. அலாஸ்காவின் இடிட்டராட் டிரெயில் இன்விடேஷனல் போட்டி அதற்கும் அப்பாற்பட்டது: மெக்ராத் என்ற ஊர் வரை 350 மைல், நோம் என்ற ஊர் வரை 1,000 மைல்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வறண்ட கடுங்குளிரைவிட உங்கள் பூஜ்ஜியத்தையொட்டிய ஈரக் குளிரைத்தான் நான் வெறுக்கிறேன். மைனஸ் 15-இல் பனி தூளாக இருக்கும், சட்டையில் விழுந்தாலும் தட்டிவிடலாம். பூஜ்ஜியத்துக்கு மேலே இரண்டு டிகிரியில் மழை என்றால் அது சட்டைக்குள்ளும் கையுறைக்குள்ளும் இறங்கிவிடும், அதற்குப் பிறகு காயவைக்க வழியே இல்லை.

டயரைப் பொறுத்தவரை, பாதையில் உறைந்த நீரோட்டங்கள் இருக்கும் என்று தெரிந்தால் டங்ஸ்டன் கார்பைடு ஆணி பதித்த டயரைத் தயங்காமல் மாட்டுங்கள்.

சங்கிலி_எண்ணெய்:

ஆணி டயர் விஷயத்தில் மாறுபடுகிறேன். பாதி சேறு, பாதி பாறை என்ற பாதையில் அந்தக் கூடுதல் எடையையும் உருள் தடையையும் 24 மணி நேரம் சுமப்பது வீண். பனிக்கட்டி உள்ள இடம் இருநூறு அடி என்றால் இறங்கி நடக்கலாமே.

வெண்பனி:

இறங்கி நடக்கலாம்தான், பனிக்கட்டி இருப்பது முன்கூட்டியே கண்ணுக்குத் தெரிந்தால். கறுப்புப் பாறைமேல் படிந்த மெல்லிய படலம் விளக்கு வெளிச்சத்தில் ஈரமாகத்தான் தெரியும். மாலையில் நீராக ஓடிய இடம் நள்ளிரவில் கண்ணாடியாகிவிடும். அதே சுற்றை அதே வேகத்தில் மறுபடி எடுப்பவர்தான் விழுவார். இரண்டு சக்கரத்துக்கும் வேண்டாம் என்றால் முன்சக்கரத்துக்காவது போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன்சக்கரம் வழுக்கினால் தோள்பட்டைதான் தரையில் மோதும்.

சங்கிலி_எண்ணெய்:

முன்சக்கரத்துக்கு மட்டும் என்றால் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆணி டயர் பூட்டிய இன்னொரு முன்சக்கரத்தைக் கூடாரத்தில் தயாராக வைத்துக்கொண்டு, இரவு உறையத் தொடங்கியதும் மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது. டிஸ்க் தகடு இரண்டு சக்கரத்திலும் ஒரே அளவில் இருக்கிறதா, காலிப்பரில் (பேட்கள் பொருந்தியிருக்கும் கவ்வியில்) உரசாமல் சுற்றுகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேட்டுப்பாதை:

இத்தனை விரிவாக எழுதியதற்கு நன்றி. நண்பர்களிடம் பேசினேன். இருவர் பின்வாங்கிவிட்டார்கள் (இந்த இழையை அவர்களுக்கு அனுப்பியதுதான் காரணமோ என்று சந்தேகம்). மிஞ்சியிருப்பது நானும் ஒருவரும். இருவர் அணி என்றொரு பிரிவும் இருக்கிறது. இரவில் ஆளுக்கு மூன்று சுற்று என்று யோசிக்கிறோம். கை, கால், குடிநீர் ஆகிய மூன்றில்தான் இன்னும் தெளிவில்லை. கோடையில் முதுகுப்பை நீர்க்குழாயைத்தான் பயன்படுத்துகிறேன்.

துணைமருத்துவன்:

இருவர் அணி நல்ல தேர்வு. மூன்று சுற்று மிதித்து மூன்று சுற்று ஓய்வெடுப்பது உடம்புக்கு ஒத்துவரும். ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்ளவும் முடியும். ஓய்வுக்கு வந்ததும் முதல் வேலை உள்ளாடை முதல் காலுறை வரை அனைத்தையும் களைந்து உலர்ந்ததை அணிவது. சாப்பாடு, பேச்சு, வண்டி கழுவுதல் எல்லாம் அதற்குப் பிறகு.

கால் குளிர்வதற்குப் பெரும்பாலும் காலணி இறுக்கமே காரணம். தடித்த காலுறை இரண்டைப் போட்டுக் காலணிக்குள் திணித்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல் இன்னும் வேகமாக விறைக்கும். ஒரு அளவு பெரிய காலணியும், விரல்கள் உள்ளே தாராளமாக அசையும் இடமும் வேண்டும். பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளிப் வைத்த காலணியில், அடியில் உள்ள உலோகத் துண்டு உள்ளங்காலின் சூட்டை உறிஞ்சும். உட்புறத்தில் கூடுதல் அட்டை வைத்து மறையுங்கள். ஏற்றத்தில் இறங்கி நூறு அடி தள்ளிக்கொண்டு நடந்தாலே விரல்களுக்கு உயிர் வரும், அதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். விரல் வலித்தால் பயமில்லை. வலி போய் மரத்து, தோல் மெழுகு போல வெளுத்திருந்தால் உறைகடி தொடங்கிவிட்டது என்று பொருள். அதைத் தேய்க்கக் கூடாது, நெருப்பருகே காட்டவும் கூடாது. உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டு மருத்துவக் குழுவிடம் போக வேண்டும்.

வெண்பனி:

கைக்கு, தடித்த கையுறையைவிட ஹேண்டில்பாரில் மாட்டும் உறைகள் மேல். மெல்லிய கையுறையோடு கையை அந்த உறைக்குள் நுழைத்துக்கொண்டால் கியரும் பிரேக்கும் விரலுக்கு எட்டும், காற்றும் படாது. உணவுத் துண்டுகளையும் அதற்குள்ளேயே போட்டு வைக்கலாம். குளிரில் எனர்ஜி பார் கல்லாக இறுகிப் பல்லைச் சோதிக்கும் என்பதால் முன்பே சிறு துண்டுகளாக வெட்டிவைத்து அங்கே இளக விடுங்கள்.

நீர்க்குழாயைப் பொறுத்தவரை, உறைநிலைக்குக் கீழே முதலில் அடைபடுவது பையன்று, வாயில் வைக்கும் முனைதான். குடித்த ஒவ்வொரு முறையும் குழாய்க்குள் ஊதி, அதில் நிற்கும் நீரைப் பைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். பையை மேல்சட்டைக்கு அடியில் அணிந்துகொண்டால் நெடுநேரம் தாங்கும். புட்டியென்றால் தலைகீழாக மாட்டுங்கள். பனிக்கட்டி மேலே மிதந்து கட்டுவதால் மூடி உள்ள கீழ்ப்பக்கம் திறந்தே இருக்கும். தெர்மோஸ் குடுவையில் சூடான இனிப்புப் பானம் கொண்டுபோவது எல்லாவற்றையும்விட நிம்மதி. குளிரில் தாகம் தெரியாது என்பதால் சுற்றுக்கு இத்தனை மிடறு என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

சங்கிலி_எண்ணெய்:

விட்டுப்போன ஒன்று: ஃப்ரீஹப், அதாவது பெடலை மிதிக்கும்போது மட்டும் பின்சக்கரத்தைப் பற்றிச் சுழற்றும் அச்சுப் பகுதி. உள்ளே இருக்கும் கிரீஸ் கடுங்குளிரில் கெட்டியானால் பற்கள் ஒட்டிக்கொண்டு எழாது. பெடல் சுற்றும், சக்கரம் சுற்றாது. ஓய்வு முடிந்து வெளியே நிறுத்தியிருந்த வண்டியை எடுக்கும்போதுதான் இது நடக்கும். போட்டிக்கு முன் ஃப்ரீஹப்பைப் பிரித்துத் துடைத்து, குளிருக்கென்றுள்ள மெல்லிய எண்ணெயை இடச் சொல்லுங்கள். சுற்றுக்கிடையே வண்டியைக் கழுவினால் கியர் கம்பி நுழையும் இடங்களில் நீர் தேங்கி உறையும் என்பதால், நீரடிப்பதைக் குறைத்து, கழுவிய உடனே சங்கிலிக்கும் கம்பிக்கும் எண்ணெய் விட வேண்டும்.

இரவுச்சுற்று:

இருவர் அணி என்றால் ஒரு விதியை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு ஒருவர் போதும் என்று சொன்னால் மற்றவர் வற்புறுத்தக் கூடாது; மற்றவருக்குத் தெம்பிருந்தால் அவர் மட்டும் தொடர்வதற்குப் போட்டி விதிகள் இடம் தருகின்றனவா என்பதையும் முன்பே ஏற்பாட்டாளர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

யார் நிறுத்தினாலும் நேரம் குறிப்பவரிடம் நேரில் சொல்லி, நேரக்கருவியை ஒப்படைத்துவிட்டுத்தான் கூடாரத்துக்குள் போக வேண்டும். சொல்லாமல் போய் உறக்கப்பைக்குள் படுத்துக்கொண்டால், உங்களைத் தேடி நான்கு பேர் அந்த இருட்டில் மறுபடி சுற்று முழுவதும் நடப்பார்கள். தாமதமாக வருபவருக்காக எவ்வளவு நேரம் காத்திருந்து விட்டுத் தகவல் சொல்ல வேண்டும் என்பதையும் உங்களுக்குள் முடிவு செய்யுங்கள். ஒரு சுற்றுக்கு வழக்கமாக ஆகும் நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு என்பது என் கணக்கு.

மேட்டுப்பாதை:

ஒன்றரை மடங்கு என்பதையே வைத்துக்கொள்கிறோம். ஆணி டயர் பூட்டிய முன்சக்கரத்தை இரவல் வாங்க ஏற்பாடு செய்தாயிற்று. பதிவுக் கட்டணத்தை இன்றிரவு கட்டிவிடுகிறேன்.

சங்கிலி_எண்ணெய்:

பேட்களை மறந்துவிடாதீர்கள். ஆளுக்கு இரண்டு ஜோடி.